பழசு ஒரு கரண்டி

வாயைத் திறக்காமல் உள்ளே போய், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் திறக்காமலே வெளியே வரக்கூடிய கடை சங்கரன்கோவிலில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தறி செட்டிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் உள்ள பரோட்டாக் கடை அது. பதினெட்டு வருஷமாக அங்கே போகிறேன். ஊரில் அதைவிடப் பெரிய கடைகள் உண்டு. பிரியாணிக்கென்றே வெளியூரிலிருந்து கார் பிடித்து வருகிறார்கள். எனக்கு அங்கெல்லாம் போக வராது. யாராவது வந்து நின்று என்ன வேண்டும் என்று கேட்பார்கள்.

நான் விசைத்தறி ஓட்டுகிறவன். அஞ்சாம் வகுப்புவரை படித்தேன். ஆளைப் பார்த்துப் பேசுவது சின்ன வயதிலிருந்தே எனக்குக் கஷ்டம். ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் உள்ளுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்ப்பேன். அதற்குள் அந்த ஆள் போயிருப்பார். அந்தக் கடையில் அந்தத் தொந்தரவு இல்லை. சுவர் ஓரத்து மேஜையில் உட்கார்ந்தால் போதும். இலை வரும், இரண்டு பரோட்டா வரும், அதைப் பிய்த்துப் போட்டு மேலே சால்னா ஊற்றுவார்கள். சாப்பிட்டு இலையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

அங்கே சப்ளை செய்கிறவருக்கு என் வயதுதான் இருக்கும். ஒல்லியான ஆள், குரல் மட்டும் ரோடு வரைக்கும் கேட்கும். யார் என்ன கேட்டாலும் நின்ற இடத்திலிருந்தே அடுப்படிக்குச் சத்தம் கொடுப்பார். "ரெண்டாம் டேபிள் முறுகலா மூணு, வீச்சு ஒண்ணு, ஆம்லேட் ஒண்ணு" என்று அவர் சொல்லும்போது ஏலம் விடுகிற மாதிரி இருக்கும். எனக்கு என்ன என்று நான் சொல்லாததால், என்னைப் பார்த்ததும் அவரே சொல்லிவிடுவார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் கடையைக் கொஞ்சம் இடித்துப் பெரிதாக்கினார்கள். மதுரைப் பக்கமிருந்து புதிதாக ஒரு மாஸ்டர் வந்தார். அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தை கூடியதைக் கவனித்தேன். நான் உள்ளே வந்ததும் சப்ளை செய்கிறவர் அடுப்படியைப் பார்த்துச் சொன்னார்: "ஓரத்துக்கு ரெண்டு. பழசு ஒரு கரண்டி."

முதல் நாள் எனக்கு அது சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதையே சொன்னார். அதற்கடுத்த நாளும் சொன்னார். பழசு என்றால் எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான். நேற்று மிஞ்சியது.

அதிலிருந்து நான் சாப்பாட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அடுப்படியைப் பார்க்க ஆரம்பித்தேன். பெரிய அண்டாவில் எல்லோருக்கும் சால்னா கொதித்துக்கொண்டிருந்தது. நல்ல சிவப்பு, மேலே எண்ணெய் மிதந்தது. எனக்கு ஊற்றியது அந்த அண்டாவிலிருந்து இல்லை. மூலையில் தட்டு போட்டு மூடிய ஒரு சின்னச் சட்டி இருந்தது. அதிலிருந்து மோந்து ஊற்றினார்கள். பக்கத்து மேஜைக்காரரின் இலையில் சிவப்பாக ஓடியது. என் இலையில் தண்ணியாக, மண் நிறத்தில் கிடந்தது.

அந்தச் சட்டிச் சால்னா யார் யாருக்குப் போகிறது என்று பத்து நாள் பார்த்தேன். மூன்றே பேர். ஒன்று நான். இன்னொருவர் பஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காது கேட்காது. மூன்றாவது ஆள் பனவடலிசத்திரத்திலிருந்து சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவர், தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டுவிட்டுப் போவார். மூன்று பேரும் எதையும் திருப்பிக் கேட்காதவர்கள். கேட்க மாட்டான் என்று தெரிந்தவனுக்குத்தான் பழசு. பதினெட்டு வருஷமாக நான் பேசாமல் இருந்ததை இவர்கள் மரியாதை என்று நினைத்திருப்பார்கள் என்று நான் நம்பியிருந்தேன். அது வேறு கணக்காகப் போயிருக்கிறது.

இருந்தாலும் ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒரு நாள் தறியில் பாவு நூல் தீர்ந்துபோனதால் சீக்கிரம் கிளம்பினேன். கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். மாஸ்டர் அப்போதுதான் மாவை உருட்டிக்கொண்டிருந்தார். அண்டாவில் சால்னா இன்னும் கொதிக்கக்கூட இல்லை. மூலையில் சின்னச் சட்டி மட்டும் மூடி தயாராக இருந்தது. "பழசு ஒரு கரண்டி" என்று சத்தம் வந்தது. அன்றைக்கு இன்னும் சமைக்கவே ஆரம்பிக்காத கடையில் எனக்கு ஊற்றச் சால்னா இருக்கிறதென்றால் அது எந்த நாள் சால்னா? இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

எனக்கு இன்னொரு சந்தேகம்கூட வந்தது. அந்தச் சால்னா ருசியாகத்தான் இருந்தது. முதல் நாள் மீன்குழம்பு மறுநாள்தானே ருசி. ருசியாக இருப்பதே அது பழசு என்பதற்கு அத்தாட்சி என்று முடிவு செய்தேன். ஒரு ராத்திரி வயிறு வலித்தது. நீங்க அவிச்ச கடலையைப் படி படியாத் தின்னிய, அதுக்குக் கடைக்காரன் என்ன செய்வான் என்று என் மனைவி சொன்னாள். சந்தேகம் இருந்தால் கேட்டுவிட வேண்டியதுதானே என்றும் சொன்னாள். கேட்க முடிந்தால் நான் ஏன் பத்து நாள் சட்டியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான்தான் காரணம். கரண்டுக்காரர்களுக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு.

தறி செட்டுக்குள் இருபது தறி ஓடினால் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கேட்காது. காதருகே வாயை வைத்துக் கத்த வேண்டும். கத்தினாலும் அந்த ஒருவனுக்குத்தான் கேட்கும். அதனால் தறிச் சத்தத்துக்குள் எனக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு. பக்கத்துத் தறிக்காரரும் நானும் பல வருஷப் பழக்கம். அன்றைக்கு அவர், என்ன வே மூஞ்சி ஒரு வாரமா சரியில்லையே என்று கேட்டார். நான் அவர் காதில் வாயை வைத்துக் கத்தினேன். கத்த ஆரம்பித்ததும் கரண்டு போய்விட்டது. இருபது தறியும் ஒரே நேரத்தில் நின்றன.

"பரோட்டாக் கடையில பழசத்தான் ஊத்துதான்!"

செட்டு முழுக்க என் குரல் மட்டும் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. நூல் தார் சுற்றுகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ ஒருவர், அண்ணாச்சியே சொல்லுதாருன்னா விஷயம் இருக்கு என்றார். எப்போதும் பேசிக்கொண்டிருக்கிறவன் சொல்லியிருந்தால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பார்கள். நான் சொன்னதால் நம்பினார்கள். மூலையில் மூடி வைத்த ஒரு சட்டியைப் பார்த்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். ஊசின வாடை அடிக்கிறது என்று, நான் சொல்லாததைக்கூட ஒருவர் சேர்த்துச் சொன்னார். நான் மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமென்றால் இன்னொரு தடவை பேச வேண்டும்.

ஒரு வாரத்துக்குள் எங்கள் செட்டு ஆட்கள் யாரும் அந்தக் கடைக்குப் போவதில்லை என்று ஆயிற்று. பிறகு பக்கத்து இரண்டு செட்டுக்காரர்களும் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். எல்லோரும் எதிர்ப்பக்கம் புதிதாக வந்திருந்த ஃபாஸ்ட் ஃபுட் வண்டிக்கு மாறிவிட்டார்கள்.

நானும் ஒரு நாள் அங்கே போனேன். போர்டில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். ஷெஸ்வான் என்பது ஆள் பேரா சாப்பாட்டுப் பேரா என்று யோசிப்பதற்குள் வண்டிக்காரர் கேட்டுவிட்டார். அரையா ஃபுல்லா, எக்கா சிக்கனா, ரைஸா நூடுல்ஸா, காரம் தூக்கலா மீடியமா. ஒரே மூச்சில் கேட்டார். எனக்கு முன்னால் நின்றவரின் தட்டைக் கையால் காட்டினேன். அவர் தட்டில் இருந்தது எனக்கு வரவில்லை. காலிஃபிளவரைச் சிவப்பாகப் பொரித்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் அதைத் தின்றேன். கை துடைத்த துண்டில் சிவப்பு மூன்று துவைப்புக்கு நின்றது. பேர் எழுதாத டப்பாவிலிருந்து ஒரு வெள்ளைத் தூளையும் அவர் அடிக்கடி தூவுவதைப் பார்த்தேன். சோற்றை ஏன் ஆற வைத்திருக்கிறார் என்று எங்கள் ஆள் ஒருவர் கேட்டார். அதற்கு அவர், காலையில வடிச்சு ஆறப் போட்ட சோறுதான் இதுக்கு வேணும்ணே, சூட்டுச் சோறுன்னா கொழஞ்சிரும் என்றார். பழசுக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டு காலைச் சோற்றைத் தின்றார்கள். நான் மறுநாள் போகவில்லை. ஒரு மாதம் வேலை முடிந்து நேராக வீட்டுக்குத்தான் போனேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் காய்கறி மார்க்கெட்டில் பரோட்டாக் கடை முதலாளியை எதிரில் பார்த்துவிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பல்லாரி வெங்காய மூட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன வே, உமக்குப் பழசும் புடிக்காமப் போச்சா?"

எவ்வளவு தைரியம் இருந்தால் வாய்விட்டே சொல்வார் என்று நினைத்தேன். அவரே பேசிக்கொண்டு போனார். புது மாஸ்டர் வந்தபோது, சின்னப் பையன்களுக்குப் பிடிக்கிறதென்று முந்திரியும் தக்காளியும் போட்டுச் சால்னாவை மாற்றினார்களாம். எல்லோரும் வாங்கி வாங்கி ஊற்றிக்கொண்டார்கள். மூன்று பேருடைய இலையில் மட்டும் சால்னா அப்படியே கிடந்தது. அந்த மூன்று பேரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, பரோட்டாவை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் போனார்கள். அதனால் முதலாளியின் மனைவி பழைய பக்குவத்தில், தேங்காயும் சோம்பும் அரைத்து, மத்தியானமே வீட்டில் ஒரு சட்டி வைத்துக் கொடுத்தனுப்பினாராம். கடை திறப்பதற்கு முன்னால் அந்தச் சட்டி வந்துவிடுமாம். அதற்குக் கடையில் பழசு என்று பேர். புது மாஸ்டர் வந்த வாரம் சால்னாவை ஒதுக்கிவிட்டுத் தின்றது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இலையில சால்னா அப்படியே கிடக்குன்னு மொதல்ல பார்த்துச் சொன்னதே நம்ம சப்ளைக்காரன்தான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எவனோ நம்ம கடையில ஊசினத ஊத்துதாவன்னு கெளப்பி விட்டுருக்கான் வே. தறிக்காரன் ஒருத்தன் வரமாட்டங்கான். எனக்கு இந்தச் சப்ளைக்காரன் மேலதான் சந்தேகம். எதிர்வண்டிக்காரன் ஊரு மேலநீலிதநல்லூரு, இவனும் அந்த ஊருதான். உள்ள இருக்கவன் சொல்லாம சட்டி விஷயம் வெளிய எப்படிப் போவும்? திங்கக்கிழமையோட நிப்பாட்டிரலாம்னு இருக்கேன். நீரு தறிச் செட்டுலதான இருக்கீரு, யாருன்னு காதுல விழுந்தா சொல்லும்."

வெங்காய மூட்டையைத் தூக்கச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் வாங்க வந்ததை வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. முதலாளி உண்மையாகத்தான் கேட்டாரா? நான்தான் சொன்னேன் என்று தெரிந்தே, என் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கக் கேட்டாரா? கையைப் பிடித்தபோது கொஞ்சம் அழுத்திப் பிடித்த மாதிரி இருந்தது. அப்படியே தெரிந்திருந்தாலும் அந்த மனுஷனை எதற்கு நிறுத்த வேண்டும்? அவருக்குத் தெரியாது என்றுதான் கடைசியில் தோன்றியது. தெரியாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாகவும் ஆகிவிட்டது. என் இலையைப் பார்த்து, நான் சொல்லாததைப் புரிந்துகொண்டு சொன்ன ஆளை, நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை அது நடந்துவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனேன். பாதி மேஜை காலியாகக் கிடந்தது. சப்ளை செய்கிறவர் என்னைப் பார்த்துச் சிரித்து, வாங்கண்ணாச்சி, ஊர்ல இல்லையோன்னு நெனச்சேன் என்றார். அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஓரத்துக்கு ரெண்டு" என்று சத்தம் கொடுத்தார். அதோடு நிறுத்திக்கொண்டார். மூலையில் சட்டி இல்லை. இலையில் சிவப்புச் சால்னா விழுந்தது. முதலாளியைச் சுற்றி ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஆள் போகட்டும் என்று காத்திருந்தேன். ஆள் போனதும் சொல்ல வேண்டிய வார்த்தை போய்விட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கும்போதே போனேன். முதலாளி சாமி படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, பழசு ஊத்துதாவன்னு சொன்னது நான்தான்."

அவர் பூவைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அவன் உம்ம வீட்டுக்கு வந்து அழுதானா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அவம் பொண்டாட்டிய விட்டுச் சொல்லச் சொன்னானா என்று கேட்டார். நான் திரும்பத் திரும்ப நான்தான் என்றேன். அவர் என் தோளில் கையை வைத்து, நீரு நல்ல மனுசன் வே, அடுத்தவன் பழியத் தலையில ஏத்துக்கிட வந்துட்டீரு, உமக்கு ஒரு டீ கேக்கவே வாய் வராதே, நீரு எப்படி ஒரு செட்டையே கலைச்சிருப்பீரு என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. செட்டில் நான் பேசாதவன் என்பதால் பொய்யை நம்பினார்கள். இங்கே நான் பேசாதவன் என்பதால் உண்மையை நம்பமாட்டேன் என்கிறார்.

நேராகப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுப் படுத்திருந்தார். விஷயத்தைச் சொல்லி, வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றேன். ஆறிப்போனத ஏன் வே கிண்டுதீரு, அவம் போனா இன்னொரு கடை பார்த்துக்கிடுவான் என்றார். நான் வாசலிலேயே நின்றேன். கால் மணி நேரம் கழித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

கடையில் அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கரண்டு போனது, நான் கத்தியது, பெண்கள் சிரித்தது எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். என் குரல் மாதிரியே கத்திக் காட்டினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சப்ளை செய்கிறவர் அப்போது தண்ணீர்க் குடத்தோடு பின்பக்கம் போனாரா, இல்லை கதவுக்குப் பின்னால் நின்றாரா என்று நான் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி கல்லாப்பெட்டியை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பதினெட்டு வருசமா வாயத் தெறக்கல. தெறந்ததும் நம்ம கடையத்தான் கடிச்சிருக்கீரு."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் செட்டில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். ஆமா, நீரு சொல்லி முடிக்கக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துருவான் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

ஆனாலும் சொன்னேன். திங்கட்கிழமை தறி ஓட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு ஆளாகப் பக்கத்தில் போய்ச் சொன்னேன். மூன்று நாள் ஆயிற்று. சிலர் சிரித்துவிட்டு அன்றைக்கே பரோட்டாவுக்குப் போனார்கள். சிலர், முதலாளி உமக்கு என்ன கொடுத்தாரு என்று கேட்டார்கள். ஒருவர் மட்டும், அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும், ஆனாலும் ஒருதடவ பழசுன்னு காதுல விழுந்த பெறகு மனசு ஒப்பல என்றார். அவரை நான் குறை சொல்ல முடியாது. எனக்கு அந்த மனசு நன்றாகத் தெரியும்.

சப்ளை செய்கிறவரை நிறுத்தவில்லை. திங்கட்கிழமை தாண்டி, அடுத்த திங்கட்கிழமையும் தாண்டி அங்கேதான் இருக்கிறார். சட்டி திரும்ப வரவில்லை. ஆடு ஓட்டுகிறவர் இந்தப் பக்கமே காணோம். பஸ் கம்பெனிக்காரர் சிவப்புச் சால்னாவுக்குப் பழகிவிட்டார். நானும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

முதலாளி சப்ளை செய்கிறவரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லாமலே இருந்திருக்கலாம். தன்னை நிறுத்த நினைத்தது அவருக்குத் தெரியுமா, தெரிந்தால் யாரால் என்பதும் தெரியுமா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. இலை போடும்போது அவர் முகத்தைப் பார்க்கிறேன். முன்பு மாதிரிதான் சிரிக்கிறார். பரோட்டா சூடாகத்தான் வருகிறது, சால்னாவும் தாராளமாக ஊற்றுகிறார். ஏன் இவ்வளவு தாராளம் என்று யோசிக்கிறேன்.

மற்ற மேஜைகளுக்கெல்லாம் இன்னும் நின்ற இடத்திலிருந்தேதான் சத்தம் கொடுக்கிறார். ரோடு வரைக்கும் கேட்கிறது. நான் உட்கார்ந்தால் மட்டும் சத்தம் கொடுப்பதில்லை. அடுப்படி வரைக்கும் நடந்து போய், மாஸ்டரின் காதுப் பக்கம் குனிந்து, எதையோ மெதுவாகச் சொல்லிவிட்டு வருகிறார்.